வீட்டிலேயே நல்ல தண்ணீர்

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அது எந்தக் காலத்தில் கேட்டது? நீ நலமா? வேலைக்குப் போன புது இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிவிட்டு அதற்குச் சாப்பாடு என்று பெயர் வைக்கிறாயா?

நேற்று நீ போன் செய்தபோது நடந்த கூத்தை நினைத்துப் பார். "அத்தே..."ன்னு நீ ஒரு அழுகை. "என்னம்மா..."ன்னு நான் ஒரு அழுகை. ஆளுக்கு ஐந்து நிமிடம் மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிட்டோம். கேட்க நினைத்தது ஒன்றையும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் அழுதால் சத்தம் கேட்காது, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம். நீயும் எழுது.

விஷயம் நம் மீன் தொட்டி. வாராவாரம் வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் கடையையே மூடிவிட்டார். போய்ப் பார்த்தேன், அங்கே இப்போது செருப்பு விற்கிறார்கள். மீனால் தொல்லை இல்லை. போட்டதைத் தின்றுவிட்டுச் சமர்த்தாக இருக்கிறது. இந்த நத்தைகள்தான் எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியில் படியும் பாசியை மேய்வதைத் தவிர இவற்றுக்கு வேறு கவலை இல்லை என்று நினைத்திருந்தேன். முந்தாநாள் பார்த்தால் பெரியது மணலில் மல்லாந்து கிடக்கிறது. எல்லா இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வேலையும் முடிக்காமல் போகும் என்று உன் புருஷன் 'மேனேஜர்' என்று பெயர் வைத்தானே, அதுதான். காலோ நாக்கோ, அதை நீட்டி நீட்டிப் பார்க்கிறது, புரள முடியவில்லை. ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்து முடிக்கும்வரை பொறுத்தேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு அகப்பையை விட்டு ஒரு தள்ளுத் தள்ளினேன். திரும்பிவிட்டது. செய்தது சரியா, தப்பா?

உனக்கு இதெல்லாம் தெரியாது என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வாடைக்கே மூக்கைப் பிடித்தவள் நீ. யாரையாவது கேட்டு எழுது. லிஃப்ட் பழுது பார்க்கக் காலையில் கிளம்பிப் போன என் மகன் மோட்டார் அறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து ஒன்றரை வருஷமாகிறது. சட்டைகளைக் கொடுத்தாயிற்று. கருவிப் பெட்டியைக் கொடுத்தாயிற்று. அவன் கையால் கொண்டுவந்து விட்டதில் இன்னும் அசைந்துகொண்டிருப்பது இந்த வீட்டில் இவைதான். இவையும் போய்விட்டால் நான் எதைப் பார்த்துக்கொண்டு தையல் மெஷின் மிதிப்பேன், சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தை


பிப்ரவரி 21

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை புட்டியைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறீர்களா? பிஸ்கட் விஷயத்தை உங்களுக்கு யார் சொன்னது?

என் வேலை அறை, பல் கிளினிக்கின் பின்பக்கம். ஒரு ஜன்னல், ஒரு மேசை, எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூள். நாள் முழுக்க மற்றவர்களுடைய பற்களைச் செய்கிறேன். மெழுகில் ஈறு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, கோணல் பார்த்து, மறுபடி பிடுங்கி நட வேண்டும். இதை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவர் சிரிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டால் பொழுது போய்விடுகிறது.

முன்னால் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. அதுவும் நம்முடையதைப் போல உப்புத் தண்ணீர்த் தொட்டிதான். அதைச் சுத்தம் செய்ய ஒருவர் வருவார். யாரோடும் அதிகம் பேசாதவர். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "அகப்பையா!" என்று ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "பரவால்லைங்க, இடிக்காம தள்ளுனா சரி. அந்த வகைக்குத் தானா புரளத் தெரியாது. மல்லாக்க விழுந்தா யாராவது திருப்பிவிடணும். இல்லேன்னா அப்படியே கெடந்து செத்துடும்."

சோப்பு போடாமல் கையைக் கழுவிக்கொண்டு, நத்தையை மெதுவாக எடுத்துக் கண்ணாடியோடு வைத்து, அது பிடித்துக்கொள்ளும்வரை விரலால் தாங்கிக்கொள்ள வேண்டுமாம். தொட்டால் சாகாது. பயப்படாதீர்கள்.

'யாராவது திருப்பிவிடணும்' என்று அவர் சொன்னதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வேலை இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 11

அன்புள்ள மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் மருந்தைத் திட்டு, என்னைத் திட்டாதே.

மேனேஜர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பின்னும் இரண்டு முறை விழுந்தார். தூக்கிக் கண்ணாடியில் வைத்து விரலால் தாங்கினேன். முதலில் ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டு என்னைச் சந்தேகப்பட்டார். அப்புறம் ஈரமாக ஒரு பிடி பிடித்தார் பார், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இப்போதெல்லாம் எழுந்ததும் பல் தேய்க்குமுன் யார் மல்லாந்து கிடக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எதிர்வீட்டுக்காரி கேட்கிறாள்: "என்னங்க, காலங்காத்தால தொட்டிக்குள்ள கைய விட்டுக்கிட்டு?" "ஆபீஸ்ல ஆள எழுப்பிக்கிட்டு இருக்கேன்"னு சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது புதுக் கவலை. தண்ணீர் மட்டம் குறைகிறது. ஒழுக்கு இல்லை, அடியில் துணி போட்டுப் பார்த்துவிட்டேன். குறைந்ததற்கு எதை ஊற்றுவது? உப்புத் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? அவன் வாங்கிய உப்பு மூட்டையில் பாதி இருக்கிறது. கரைத்து ஊற்றட்டுமா? ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்றுதான் உன்னைக் கேட்கிறேன்.

அந்தத் தொட்டிக்காரருக்கு என் நன்றியைச் சொல். அவர் மனைவிக்குக் கெட்டித் துணியில் ஒரு பை தைத்து அனுப்புகிறேன். கடைக்குப் போக உதவும்.

உன் அத்தை


மார்ச் 24

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலம். கண் எப்படி இருக்கிறது? மருந்து விட்டுக்கொண்டு உடனே மெஷினில் உட்காராதீர்கள்.

உப்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். உங்கள் கேள்வியைச் சொன்னதும் தொட்டிக்காரர் பதறிப்போனார். "உப்பு எங்கயும் போகாதுங்க. தண்ணி மட்டுந்தான் ஆவியா போகும். கொறையிறதுக்கெல்லாம் உப்புத் தண்ணியவே ஊத்துனா, கொஞ்ச நாள்ல நத்தைய ஊறுகா போட்ட மாதிரிதான்." குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும், அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொன்றும் கேட்கச் சொன்னார். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறதா? அப்படியானால் நத்தைகள் பட்டினி. தொட்டி சுத்தமாக இருந்தால் நமக்குத்தான் சந்தோஷம், அவற்றுக்கு அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். காய்ந்த கடற்பாசி தாள் போலப் பொட்டலத்தில் கிடைக்கும். ஒரு துண்டை ரப்பர் வளையம் போட்டுக் கல்லில் கட்டி உள்ளே விடுங்கள். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிட வேண்டும்.

மேனேஜர் பெயர் வந்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். முன்மேசையில் இருக்கும் பெண் எழுந்துவந்து எட்டிப் பார்த்தாள். அவர் சிரித்து இங்கே யாரும் பார்த்ததில்லையாம்.

பை வேண்டாம் அத்தை. அவருக்கு வீட்டில் யாரும் இல்லை.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 20

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே எல்லாம் சுகம். அங்கே நீ சுகமா? போன கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தாய். நத்தைக்கு ஒரு பக்கம், உனக்கு ஒரு வார்த்தையா?

உப்பு எங்கேயும் போகாது என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படியானால் அவன் கலக்கி ஊற்றியதில் கொஞ்சம் இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறது. இது தெரிந்ததிலிருந்து தொட்டியில் கையை விட்டு எடுத்தால் உடனே துடைப்பதில்லை.

முன்பு அந்தக் கடைக்காரர் கேனில் தண்ணீர் கொண்டுவருவார். மூன்று மாடிக்குக் கேன் தூக்க எனக்கு முதுகு இல்லை. அதற்காகக் கவலைப்படாதே. அதைவிட நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறேன். வீட்டில் இருப்பதிலேயே நல்ல தண்ணீர், நான் குடிப்பது. கடற்பாசியும் வாங்கிக் கட்டினேன். நான்கு பக்கத்திலிருந்தும் ஊர்ந்து வந்தார்கள் பார், பந்தி போட்டதுபோல. நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பார்கள். நம் ஆட்கள் வயிற்றில் பச்சை நூல்தான் பிறக்கிறது.

பை தைத்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லையென்றால் என்ன, அவருக்குக் கை இல்லையா? பெண்டாட்டி இருந்தால்தான் கடைக்குப் பை எடுத்துப்போக வேண்டும் என்று எங்காவது இருக்கிறதா? அனுப்பியிருக்கிறேன், கொடுத்துவிடு.

மே மாதம் லீவு போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னாயே, தேதியை எழுது. உன் மெத்தையை வெயிலில் போட வேண்டும்.

உன் அத்தை


ஜூன் 2

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலமாகத்தான் இருக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். மே மாதம் வர முடியவில்லை. வேலை குவிந்துவிட்டது. மெத்தையை வெயிலில் போட்டிருந்தால் நீங்களே அதில் படுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கட்டிலில் ஒரு பக்கம் பள்ளம் இருக்கிறது.

நத்தை ஓடு வெளுத்தாலோ ஓரத்தில் பொடிந்தாலோ எழுதுங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் அப்படி ஆகுமாம். தெரிந்துகொண்டேன்.

பை மிகவும் நன்றாக இருந்தது.

உங்கள் மருமகள்


ஜூன் 19

அன்புள்ள மருமகளுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இல்லை.

மூன்று நத்தைகள் போய்விட்டன. முதலில் ஒன்று கல்லிடுக்கில் அசையாமல் இருந்தது. தூங்குகிறது என்று விட்டுவிட்டேன். மறுநாள் தொட்டிப் பக்கம் போனதும் ஒரு நாற்றம். எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். அம்மாடி, அதை எழுத மாட்டேன். குப்பையில் போட மனம் வரவில்லை. மாடிப் படியில் எதிர்வீட்டுக்காரி வைத்திருக்கும் பூந்தொட்டியில் அவள் இல்லாத நேரம் பார்த்துப் புதைத்தேன். அப்புறம் ஒன்று. நேற்று இன்னொன்று. மீன் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

மேனேஜரும் முன்போல் இல்லை. கடற்பாசியைக் கட்டினால் வருவதில்லை. கண்ணாடியில் வைத்தால் பிடிப்பதில்லை. விரலை எடுத்தால் விழுந்துவிடுகிறார். அரை மணி நேரம் தாங்கிக்கொண்டே நின்றேன். "விட்றாத, பிடிச்சுக்க, பிடிச்சுக்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இதைச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் என்ன தப்புச் செய்கிறேன்? கேட்டு எழுது. சீக்கிரம் எழுது.

உன் அத்தை


ஜூன் 28

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் அழாமல் இதைப் படிக்க வேண்டும். ஒன்றொன்றாகப் பாருங்கள்.

தண்ணீர் சூடாகிறதா? மத்தியான வெயில் தொட்டிமேல் படுகிறதா? படுமானால் ஜன்னலுக்குத் துணி கட்டுங்கள். கொசுவுக்கு மருந்து அடித்தீர்களா? அறையில் அடித்தாலும் தண்ணீரில் இறங்கும். மீனுக்கென்று மருந்து ஏதாவது ஊற்றினீர்களா? செத்த நத்தையை உடனே எடுத்துவிட வேண்டும், ஒன்று அழுகினால் மற்றவற்றுக்கும் ஆபத்து. ஊற்றும் தண்ணீர் மொத்தமாக ஊற்றப்படுகிறதா, சிறுகச் சிறுகவா? உப்பு அளக்கும் குழாய் உங்கள் மகனுடைய கருவிப் பெட்டியோடு போயிருக்காது, தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியில் இருக்கும். அதை மிதக்கவிட்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்கள், ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் தப்பு எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 12

அன்புள்ள மருமகளுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். நீ நலம் என்று நினைக்கிறேன்.

உன் கேள்விகளுக்குப் பதில். வெயில் படவில்லை. கொசு மருந்து அடிக்கவில்லை, கொசுவோடு எனக்குச் சண்டை இல்லை. மீனுக்கு மருந்தும் ஊற்றவில்லை, மந்திரமும் ஓதவில்லை. குழாய் பச்சைக் கோட்டில் நிற்கிறது. தண்ணீர் சிறுகச் சிறுகத்தான் ஊற்றுகிறேன். காய்ச்சி ஆறவைத்து, செம்புக் குடத்தில் நிரப்பி, இரவெல்லாம் வைத்திருந்து, காலையில் எனக்கு ஒரு டம்ளர், தொட்டிக்கு ஒரு சொம்பு. உடம்புக்கு அதைவிட நல்ல தண்ணீர் உலகத்தில் கிடையாது. என் மாமியார் தொண்ணூறு வயதுவரை அதைத்தான் குடித்தாள். அதனால் தண்ணீரில் குறை இருக்க முடியாது.

மேனேஜரும் ஒரு குட்டியும்தான் மிச்சம்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உன் கடிதங்களை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் தொட்டிக்காரர் பேசினார். அடுத்ததில் பேசினார், சிரித்தார். அதற்கப்புறம் ஆளையே காணோம். ஆனால் அவர் சொல்லுகிற விஷயம் மட்டும் முன்பைவிட மூன்று மடங்காக வருகிறது. வெயில், கொசு மருந்து, குழாய், கோடு. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மருமகளுக்கு இதெல்லாம் கனவில் வராது. பை நன்றாக இருந்தது என்று எழுதினாய். யார் சொன்னது என்று எழுதவில்லை.

நான் படிக்காதவள்தான், ஆனால் துணியைத் தொட்டால் எங்கே பிரித்துத் தைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. அந்தத் தொட்டிக்காரர் எங்கே போனார்?

உன் அத்தை


ஜூலை 29

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இதை எழுத உட்கார்ந்து பல நாளாகிறது. எப்படி எழுதினாலும் உங்களுக்கு வலிக்கும். அதனால் நேராகவே எழுதுகிறேன்.

அவர் எங்கேயும் போகவில்லை. உங்கள் கடிதம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் போவேன். நான் படிக்க, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார். உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று இருவரும் பேசுவோம். அப்படித்தான் ஆரம்பித்தது. கடிதம் வராத வாரங்களில் நானே ஒரு கேள்வியை இட்டுக்கட்டிக்கொண்டு போனேன். ஓடு வெளுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை அத்தை. மே மாதம் பெட்டி கட்டி வைத்துவிட்டுத்தான் வராமல் இருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பயம்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லாமல் எனக்குப் பதில் வராது. உங்கள் மகனை நான் மறக்கவில்லை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்தாலும் இன்னும் முதலில் மேலே பார்க்கிறேன், அங்கிருந்து அவர் குரல் கேட்கும் என்று. அது போகவில்லை. இதுவும் வந்துவிட்டது. இரண்டும் எப்படி ஒரே நெஞ்சுக்குள் இருக்கின்றன என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்புக் குடம் என்ற வரியைப் படித்ததும் அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். செம்பு மனிதர்களுக்கு நல்லதாக இருக்கலாம். நத்தைக்கு விஷம். துளித் துளியாகச் சேர்ந்தாலும் கொன்றுவிடும். மீன் தாங்கிக்கொள்ளும், நத்தை தாங்காது. கல்லிலும் மணலிலும் ஊறிவிட்டால் லேசில் போகாது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். "இதை அவங்ககிட்ட சொல்லாதீங்க. வேற பாத்திரத்துல ஊத்தச் சொல்லி மட்டும் எழுதுங்க. பாவம், அவங்க குடிக்கிறதத்தான் குடுத்திருக்காங்க" என்றார். அப்படியே எழுதவும் செய்தேன். பிறகு கிழித்துவிட்டேன். ஏற்கனவே உங்களிடம் ஒன்றை மறைத்தாயிற்று. இதையும் மறைத்தால் அப்புறம் உங்களுக்கு எழுத எனக்கு எதுவுமே மிஞ்சாது.

திட்டுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 10

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன் செய்தால் எடுப்பதில்லை. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க, மெஷின் சத்தம் கேக்குது"ன்னு சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் இரண்டு நாள் தூங்கினேன்.

அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மேனேஜர் இருக்கிறாரா?

உங்கள் மருமகள்


அக்டோபர் 13

மருமகளுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நீ நலமா என்று கேட்க இத்தனை நாள் எனக்கு மனம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். நலமா?

மேனேஜர் ஆகஸ்டில் போய்விட்டார். குட்டி அதற்கு முன்பே.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் குடத்தைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டேன். முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. ஒரு மாதம் குடத்துக்காகவே அழுதேன். என் கையாலேயே, தினமும் காலையில், இருப்பதிலேயே நல்லது என்று ஊற்றிக் கொன்றிருக்கிறேன். குடத்துக்காக அழுதுகொண்டிருந்தால் உனக்காக அழ வேண்டியதில்லை அல்லவா? அந்தச் சாமர்த்தியம் ஒரு மாதம்தான் ஓடியது.

அப்புறம் உன்மேல் கோபம் வந்தது. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒரு மாமியார்கூடச் சொல்லக்கூடாத வார்த்தைகள் அதில் இருந்தன. கிழித்துக் கிழித்துக் கடைசியில்தான் எனக்கு உறைத்தது. நத்தை விழுந்தது, போய்க் கேள். தண்ணீர் குறைந்தது, போய்க் கேள். நத்தை செத்தது, ஓடிப்போய்க் கேள். உன்னைக் கையைப் பிடித்து அந்த மனிதர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். போதாததற்குப் பை வேறு தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு கல்யாணத் தரகர் இதற்குமேல் என்ன செய்வார்? சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்று உனக்கே தெரியும்.

நத்தைகள் இல்லாமல் கண்ணாடி முழுக்கப் பச்சை படிந்துவிட்டது. உள்ளே மீன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிவதில்லை. அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டுதான் மெஷின் மிதிக்கிறேன்.

உன் மாமனார் போனபோது நான் உன்னைவிடச் சின்னவள். என்னிடம் யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பேன் என்று எல்லோரிடமும் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தேன். உன் புருஷனிடமும் சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டு மாதமும் யோசித்துப் பார்த்தேன். பொய். சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவரிடம் சரி என்று சொல். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. வெடித்தால் வெடிக்கட்டும், சொல்.

தொட்டியை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். தண்ணீரை வாளியில் மொண்டு கொட்டுவேன், ஆனால் கல்லும் மணலும் கண்ணாடியும் ஒருத்தியால் ஆகாது. நீ வந்து ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். அவரை அழைத்துவராதே. கோபத்தில் சொல்லவில்லை. அவர் கெட்டிக்காரர். வந்தால் கல்லை மாற்றி, மணலை மாற்றி, புது நத்தைகளைக் கொண்டுவந்து விட்டு, இதைப் பிழைக்க வைத்துவிடுவார். எனக்கு அது வேண்டாம். என் மகன் தொட்டி என் மகனோடு முடியட்டும். மீனை மட்டும் போகும்போது நீ எடுத்துக்கொண்டு போ. அவர் பார்த்துக்கொள்வார்.

நீ மட்டும் வா. உன்னிடம் இந்த வீட்டுச் சாவி இருக்கிறது. ஒரே ஒரு தடவை, வேலை முடிந்து வருகிற மாதிரி, நீயே கதவைத் திறந்துகொண்டு "அத்தே"ன்னு கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வா. அடுத்த தடவை அவரோடு வரும்போது மணியடி. நான் வந்து திறக்கிறேன்.

அத்தை